முரட்டு ஸ்மார்ட்வாட்ச்சும் ஏலத்தோட்டத்து மணிக்கட்டும்

மலையேறுகிறவர்களுக்கும் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களுக்கும் என்று செய்த முரட்டு ஸ்மார்ட்வாட்ச் ஒன்றைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூடக் கழற்றாமல் கட்டிக்கொண்டிருந்தவன் நான். வீடு தேனி மாவட்டத்துக் கம்பத்தில். வேலை கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வண்டன்மேடு வட்டாரத்தில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். காலையில் ஜீப் ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை மழை, சேறு, மருந்துத் தண்ணி, காய் உலர்த்துகிற ஸ்டோரின் சூடு எல்லாம் உண்டு. விளம்பரத்தில் காட்டுகிற சகதி எங்களுக்குத் தினமும் இலவசம். இந்த வகை வாட்ச் யாருக்காவது பொருந்தும் என்றால் என்னைப் போன்றவனுக்குத்தான் பொருந்தியிருக்க வேண்டும். வாட்ச்சுக்கு இன்றுவரை கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். பட்டதெல்லாம் அதைக் கட்டியிருந்த கை.

எடையில் தொடங்குகிறேன். கடையில் பத்து நிமிஷம் கட்டிப் பார்க்கும்போது தெரியாத விஷயம் அதுதான். சாதாரண ஸ்மார்ட்வாட்ச் பட்டையோடு சேர்த்து 30 முதல் 50 கிராம் இருக்கும். முரட்டு வகைகள் 50 கிராமில் தொடங்கி, எஃகு வளையம், பெரிய பேட்டரி என்று சேரச் சேர 80, 90 வரை போகும். என்னுடையது 80-ஐ ஒட்டியது. கிராம் கணக்கில் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த எடை மணிக்கட்டின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. கை வீசி நடந்தால் ஆடும். ஆடாமல் இருக்க நாம் பட்டையை ஒரு துளை இறுக்குவோம். பிறகு வந்த தொல்லைகளில் பாதிக்கு அந்த ஒரு துளைதான் காரணம்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கும். காய் எடுக்கிற பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, தட்டைகளை விலக்கிக் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். விளைந்ததை மட்டும் எடுத்திருக்கிறார்களா, பிஞ்சும் சேர்ந்து வந்துவிட்டதா என்று பார்க்க நானும் அப்படியே கையை விட வேண்டும். அங்கே இந்த வாட்ச் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் சரம் ஒடியும். ஒடிந்த சரத்தில் அடுத்த எடுப்புக்கு வர வேண்டிய பூவும் பிஞ்சும் இருக்கும். கூடலூரிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்கா இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார். “தம்பி, அது கடிகாரமா, குக்கர் மூடியா? கழட்டி வச்சுட்டு வாங்க, சரம் போகுது.”

குத்தவைத்த நிலையிலிருந்து எழும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவோமே, அப்போது புறங்கை மடங்கி வலப்பக்கத்துப் பொத்தானை அழுத்தும். சாயங்காலம் பார்த்தால் நான் ஓடாத ஓட்டம் ஒன்று மணிக்கணக்கில் பதிவாகிக்கொண்டிருக்கும், பேட்டரி பாதி இறங்கியிருக்கும். பொத்தான் பூட்டு என்று ஒரு வசதி பெரும்பாலான மாடல்களில் உண்டு. அதைப் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை தீரும். புறங்கையில் வாட்ச்சின் விளிம்பு குத்திப் பதிகிற தடம் மட்டும் தீராது.

இனி நரம்பு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒன்று வரும் என்று வாட்ச் பெட்டியில் யாரும் எழுதிவைப்பதில்லை.

ஒரு மழைக்காலத்தின் நடுவில் இடது கட்டைவிரலின் புறப்பக்கம் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் இரவில் மட்டும். அப்புறம் முழுக்கைச் சட்டையின் மடிப்பு உரசினாலே அந்த இடம் எரிந்தது. பிடிப்பில் பலம் குறையவில்லை; ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக முடிந்தது. கழுத்தெலும்புத் தேய்மானமோ, சர்க்கரையோ என்று பயந்துகொண்டே கம்பத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் வாட்ச்சைக் கழற்றச் சொன்னார். பட்டை பதிந்த பள்ளம் கையைச் சுற்றி அப்படியே நின்றது. கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினார். அங்கிருந்து கட்டைவிரல் வரை சுருக்கென்று ஷாக் ஓடியது. “வேற எங்கயும் தேட வேண்டாம்” என்றார்.

முன்கையில் ஆரை எலும்பை ஒட்டி வருகிற நரம்பின் ஒரு கிளை, மணிக்கட்டை நெருங்கும்போது தசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகியவற்றின் புறப்பக்கத்துக்கு உணர்ச்சி தருவதுதான் அதன் வேலை. விரலை அசைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பலம் குறையாமல் மரப்பு மட்டும் வந்தது அதனால்தான். மேலே தசை இல்லாததால் இறுக்கமாகக் கட்டுகிற எதுவும் அதை நேராக அழுத்தும். 1932-இல் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. விலங்கு மாட்டப்பட்ட கைதிகளுக்கும் இதே மரப்பு வருவதுண்டு என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காசு கொடுத்து மாட்டிக்கொண்ட விலங்கு!

மாத்திரை எதுவும் எழுதவில்லை. “வெறுங்கையா இருங்க. போகலைன்னா வாங்க.” அவ்வளவுதான் வைத்தியம். உடனே போய்விடவில்லை. முதலில் எரிச்சல் தணிந்தது, அப்புறம் இரவு மரப்பு நின்றது. கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் மழை ஓய்கிறவரை மந்தமாகவே இருந்தது. எல்லா மரப்புக்கும் வாட்ச்சைக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. சுண்டுவிரல் பக்கமோ உள்ளங்கைப் பக்கமோ மரத்தால், அல்லது பிடிப்பே தளர்ந்தால், அது வேறு நரம்பு. டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் சிக்கல் இந்த வாட்ச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. பின்பக்கம் மினுங்குகிற பச்சை விளக்குதான் நாடித்துடிப்பைப் பார்க்கிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தத்தின் அளவு கூடிக் குறைய, திரும்பி வருகிற ஒளியும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. வாட்ச் ஆடினால் கணக்குக் கெடும். கனத்த வாட்ச் அதிகம் ஆடும், அதிகம் இறுக்கச் சொல்லும். சென்சாருக்கு இறுக்கம் வேண்டும், நரம்புக்குத் தளர்வு வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டுக் கழற்றி வைக்கிறவருக்கு இதில் தகராறே இல்லை. காலை முதல் காலை வரை கட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கை பொறுக்கிற வழி சிலது உண்டு. மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல், அதிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டலாம். ஓட்டம் முடிந்த கையோடு ஒரு துளை தளர்த்திவிட வேண்டும். நாடித்துடிப்பு சரியாக வேண்டும் என்பவர்கள் மார்பில் கட்டுகிற பட்டை ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். அது இதயத்தின் மின் அலையையே நேரடியாகப் பிடிப்பதால் வாட்ச்சைத் தொளதொளவென்று விட்டாலும் கணக்குத் தப்பாது.

தோல் கதை இன்னொன்று. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. வெயிலில் வேர்த்து வழியும். மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஜூன் மாதத்திலிருந்து சாரல். இந்தப் பக்கம் வேர்வை, அந்தப் பக்கம் மழை, வீட்டுக்கு வந்தால் சோப்புத் தண்ணி. சிலிக்கான் பட்டைக்கு அடியில் தோல் காயவே காயாது. வாட்ச்சின் அடிப்பாகம் அச்சு எடுத்த வடிவத்தில் சிவந்து, அரித்து, ஓரம் உரியும். இதைப் பலர் அலர்ஜி என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் ஈரமும் சோப்பு மிச்சமும் உரசலும் சேர்ந்து செய்கிற வேலை. கழுவித் துடைத்துக் காயவிட்டால் அடங்கிவிடும். நிஜமான அலர்ஜியும் இல்லாமல் இல்லை. கொக்கியில் இருக்கும் நிக்கல், ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் அக்ரிலேட் பசை இரண்டும் பேர்போனவை. 2014-இல் ஃபிட்பிட் நிறுவனம் ஃபோர்ஸ் என்ற தன் கைப்பட்டையை இந்தத் தோல் தொல்லை காரணமாகவே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

நைலான் பட்டைக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெயில் காலத்துக்கு அது அருமை. துளைக் கணக்கு இல்லாமல் வேண்டிய அளவுக்குத் தளர்த்தலாம், காற்றும் போகும். எங்கள் மழையில் அது நாள் பூராவும் சொதசொதவென்று நனைந்து கிடந்து மூன்றாவது நாள் நாறும். அதனால் இரண்டு பட்டையும் வேண்டும். மருந்தடிக்கிற நாளில் எதுவுமே வேண்டாம். பூச்சிமருந்து தெறித்தால் வெறுங்கையை உடனே கழுவிவிடலாம். பட்டைக்கு அடியில் புகுந்தது சாயங்காலம் வரை தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். மோதிரம், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மருந்துப் பக்கம் போக வேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் இரண்டு வாசகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 ஏ.டி.எம். என்றால் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் தாங்கியது என்று பொருள். 50 மீட்டர் முங்கலாம் என்று பொருளில்லை. சோப்பு, வெந்நீர், ஆவி, வயதாகும் ரப்பர் வளையம் எதுவும் அந்தச் சோதனைக்குள் வராது. அதேபோல மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகள் அடங்கிய ஆவணம். அதில் அதிர்ச்சி, மழை, மணல், வெப்பம் என்று பல சோதனைகள் உண்டு. எதைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ராணுவம் பார்த்து முத்திரை குத்தித் தருவதில்லை. எங்கள் காய் ஸ்டோருக்குள் 50 டிகிரியை ஒட்டிய சூடு, அதுவும் காயிலிருந்து கிளம்புகிற ஈரத்தோடு. வெளியே வந்தால் பனிமூட்டம். இந்த மாற்றத்தில் ஒருநாள் என் வாட்ச்சின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்ததைப் பார்த்தேன். காய்ந்துவிட்டது, ஆனால் அதற்கப்புறம் ஸ்டோருக்குள் கட்டிக்கொண்டு போவதில்லை. பிளக் வசதி இருக்கிறதே என்று அங்கே சார்ஜ் போடுவதும் கூடாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். பின்மூடி ஒட்டிய இந்த வாட்ச்களில் பேட்டரி மாற்றுவது லேசுப்பட்ட வேலையும் இல்லை.

எண்கள் விஷயத்துக்கு வருவோம். தோட்டத்து மண்ரோட்டில் ஜீப் குலுங்குகிற ஒவ்வொரு குலுக்கலையும் என் வாட்ச் ஒரு காலடி என்று எண்ணியது. கூடவே ஜீப் மேடேறினால் காற்றழுத்தம் குறையும். காலடியும் ஏற்றமும் சேர்ந்தால் மாடிப்படி ஏறியதாகக் கணக்கு. சீட்டில் உட்கார்ந்தபடியே நான் ஏறிய மாடிகளை அடுக்கினால் சென்னையில்கூட அப்படிக் கட்டடம் கிடையாது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு வளைந்து வளைந்து ஏறும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவதைப் பார்த்துவிட்டுப் புயல் வரப்போகிறது என்று எச்சரித்த நாளும் உண்டு. வெளியே சுள்ளென்று வெயில். மார்கழிப் பனியில் கை விறைத்திருந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அப்போது நாடிக் கணக்கு வாய்க்கு வந்தபடி போகும். ஐயப்பன் சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும்போது வளைவில் ஜீப் அரை மணி, ஒரு மணி என்று நிற்கும். அப்போது “எழுந்து நட” என்று கை அதிரும். எங்கே நடப்பது, பள்ளத்திலா?

கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கைக்கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஒன்றும் தேறவில்லை. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தப்பியது, மோசமானது 93 சதவீதம். பத்தாயிரம் காலடி இலக்கும் மருத்துவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து கிளம்பியது. காய் எடுக்கிற பெண்கள் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிறார்கள். அதையெல்லாம் எந்த வாட்ச்சும் எண்ணுவதில்லை.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 80 கிராம் வாட்ச்சோடு படுத்தால் தலையணைக்கு அடியில் கை வைக்க முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் கன்னத்தில் கீறும். காலையில் நன்றாகத் தூங்கினேனா என்பதை வாட்ச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அதைவிட மோசம். தூக்க மதிப்பெண்ணைப் பற்றிய கவலையாலேயே தூக்கம் கெடுகிறவர்களுக்கென்று 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் மூட்டியது வேறு. வீட்டிலிருந்து தமிழில் வருகிற செய்தி, முதலாளியிடமிருந்து மலையாளத்தில் வருகிற செய்தி, இரண்டுமே என் வாட்ச்சில் வரிசையாகக் காலிக் கட்டங்களாகத்தான் தெரியும். எழுத்துரு இல்லை. கை அதிர்ந்ததும் பார்க்க வேண்டியது, பிறகு ரெயின்கோட்டுக்குள் கைவிட்டு போனை எடுக்க வேண்டியது. இத்தனை காசு கொடுத்து வாங்கிய கருவிக்கு இரண்டு மாநிலத்து எழுத்தும் தெரியாது! தமிழை ஒழுங்காகக் காட்டும் மாடல்களும் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆபத்து வந்தால் காப்பாற்றும் என்று நம்புவதிலும் கவனம் தேவை. விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி பெரும்பாலும் போன் வழியாகத்தான் வேலை செய்கிறது. தோட்டத்தின் பள்ளத்தில் டவர் கிடையாது. டவர் இல்லாத இடத்தில் அந்த வசதியும் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவிகள் உண்டே என்று வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் சொல்லி வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஜி.பி.எஸ். வாட்ச்சுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை அது வாங்குகிறது, அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை.

அனுப்புவது நாம்தான், செயலி வழியாக. 2018 ஜனவரியில், ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓடுபாதைகள் பளிச்சென்று தெரிந்து பெரிய பேச்சானது நினைவிருக்கலாம். நமக்கு முகாம் இல்லை, ஆனால் காய்ந்த ஏலக்காய் மூட்டை இருக்கும் ஸ்டோர் எங்கே, சூப்பர்வைசர் எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறான் என்பதெல்லாம் தினசரிப் பதிவில் கோடு போட்டபடி கிடக்கும். பதிவுகளை எனக்கு மட்டும் என்று மாற்றி வைத்திருக்கிறேன். ஓட்டத்தின் தொடக்கமும் முடிவும் வரைபடத்தில் மறையும்படியும் செய்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னாலும் வாட்ச்சை நான் விற்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறும்போது அதுதான் துணை. கோயில் 1,337 மீட்டர் உயரத்தில். புறப்படும் இடத்தில் உயரத்தைச் சரிசெய்துவிட்டால் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ஏறக்குறையச் சரியாகவே சொல்கிறது. சித்திரை வெயிலில் போன் திரை ஒன்றும் தெரியாதபோது, வெளிச்சத்தை எதிரொளிக்கிற அதன் மங்கல் திரை தெளிவாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடலூர் ரோட்டில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஓடும்போதும் கட்டுவேன். ஓடி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவி வைத்துவிடுவேன். தோட்டத்துக்குப் போவது பழைய பிளாஸ்டிக் கடிகாரம். அது நேரம் மட்டும் காட்டும், சரத்தில் மாட்டாது.

வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் கடையில் கூச்சப்படாமல் சில காரியம் செய்யுங்கள். இடது கையில் கட்டிக்கொண்டு மேசையில் உள்ளங்கையை ஊன்றிப் பாருங்கள். விளிம்பு குத்தினால் அடுத்த சின்ன அளவைக் கேளுங்கள். வாட்ச்சின் இரு ஓரமும் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். பட்டை 20 அல்லது 22 மில்லிமீட்டர் பொது அளவில் இருக்கிறதா, அந்தக் கம்பெனியின் தனிக் கொக்கியா என்று பாருங்கள். பொது அளவாக இருந்தால் உள்ளூரிலேயே பட்டை கிடைக்கும். சார்ஜர் வயர் பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கென்றே தனி, கம்பத்தில் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது வயரை வாட்ச்சோடு சேர்த்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.